அப்டேட் போட்டதும் செட்டிங் காணாமல் போகிறதா? லினக்ஸ் சர்வரில் கன்ஃபிக் ஃபைல்களைக் காப்பாற்ற முழுமையான வழிகாட்டி

கடலூர் முதுநகரில் மீன் ஏற்றுமதி செய்யும் ஒருவரின் அலுவலகத்தில் சின்னதாக ஒரு உபுண்டு சர்வர் ஓடுகிறது. சரக்கு ஆவணங்கள், ஸ்கேன் செய்த பில்கள், கணக்கு எல்லாம் அதில்தான். ஒரு திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அவரிடமிருந்து போன். "தம்பி, பில்லு ஏற மாட்டேங்குது. சனிக்கிழமை வரைக்கும் நல்லாத்தான இருந்துச்சு? பதினோரு மணிக்கு வண்டி கிளம்பணும்ப்பா."

முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை நான்தான் அந்த சர்வரை 22.04-லிருந்து 24.04-க்கு ஏற்றியிருந்தேன். பில் ஏற்றும் பக்கத்தை இயக்கும் பிஎச்பி மொழியின் 8.1 பதிப்பு போய் 8.3 வந்தது. வெப் சர்வரான என்ஜின்எக்ஸில், பிஎச்பி-யோடு பேசும் சாக்கெட் பாதையை 8.3-க்கு மாற்றினேன், பக்கம் திறந்தது, வேலை முடிந்தது என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். போன் வந்ததும் மனதில் ஓடியது ஒன்றுதான்: அப்டேட் என் ஃபைலை அழித்து எழுதிவிட்டது. உள்ளே போய் 8.1-இன் பிஎச்பி.ஐஎன்ஐ ஃபைலைத் திறந்தால், நான் எழுதிய 20 எம்பி அப்லோடு வரம்பு அப்படியே இருக்கிறது. யாரும் அதைத் தொடவில்லை. ஆனால் அதை இப்போது யாரும் படிப்பதும் இல்லை. 8.3-க்கென்று புதிதாக ஒரு டைரக்டரி வந்திருக்கிறது, அதில் பிஎச்பி தானாக வைத்துக்கொள்ளும் 2 எம்பி வரம்பு. அவர்கள் ஏற்றும் பில் ஒவ்வொன்றும் 6 எம்பி.

"அப்டேட் என் செட்டிங்கை அழித்துவிட்டது" என்று நாம் சொல்லும் ஒரே வாக்கியத்துக்குள் நான்கு வெவ்வேறு கோளாறுகள் இருக்கின்றன. ஒன்று, ஃபைல் நிஜமாகவே மாற்றப்பட்டது. இரண்டு, பேக்கேஜுக்கு (மென்பொருளை நிறுவ வரும் மூட்டைக்கு) சொந்தமான இடத்தில் நாம் கை வைத்திருந்தோம், அது தன் பொருளைத் திரும்ப வைத்தது. மூன்று, புதிய பதிப்பு வேறு இடத்தில் படிக்கிறது. நான்கு, பேக்கேஜுக்கே சம்பந்தமில்லாமல் வேறொரு நிரல் அந்த ஃபைலைத் தினமும் புதிதாக எழுதுகிறது. எது என்று தெரியாமல் மருந்து போட்டால் வேலைக்கு ஆகாது.

இந்த வழிகாட்டியில் கட்டளைகளையும் பாதைகளையும் உச்சரிப்பின்படி தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும்போது வழக்கமான ஆங்கில எழுத்துகளில் அடியுங்கள்.

படி 1: பட்டா யார் பேரில் என்று பாருங்கள்

வீடு கட்டுவதற்கு முன் இடத்தின் பட்டா யார் பேரில் இருக்கிறது என்று பார்ப்போம் இல்லையா, ஃபைலுக்கும் அதே கதைதான். எந்த ஃபைலையும் எடிட்டரில் திறப்பதற்கு முன், அது எந்த பேக்கேஜுக்குச் சொந்தம் என்று கேளுங்கள். டெபியன், உபுண்டு என்றால்:

டிபிகேஜி --சர்ச் /இடிசி/என்ஜின்எக்ஸ்/என்ஜின்எக்ஸ்.கன்ஃப்

அல்மாலினக்ஸ், ராக்கி, ஃபெடோரா என்றால்:

ஆர்பிஎம் --குவெரி --ஃபைல் என்று எழுதி, பின்னால் அந்தப் பாதை.

பேக்கேஜின் பெயர் வந்தால் அந்த ஃபைல் பேக்கேஜுக்குச் சொந்தம். வரவில்லை என்றால் நீங்களே உருவாக்கியது, அல்லது வேறு ஏதோ ஒன்று உருவாக்கியது. உருவாக்கியது எது என்று தெரிய ஃபைலின் முதல் நான்கு வரிகளைப் படியுங்கள். டிஎன்எஸ் முகவரிகள் இருக்கும் ரிசால்வ்.கன்ஃப் ஃபைலை சிஸ்டம்டி-ரிசால்வ்டி அல்லது நெட்வொர்க்மேனேஜர் எழுதும். வாடகை சர்வர்களில் நெட்பிளான் டைரக்டரிக்குள் இருக்கும் 50-கிளவுட்-இனிட் ஃபைலை, சர்வரை முதலில் அமைத்துக் கொடுக்கும் கிளவுட்-இனிட் என்ற நிரல் எழுதும். இவற்றில் நீங்கள் எழுதுவது மறுநாளோ அடுத்த ரீபூட்டிலோ போய்விடும். பழி அப்டேட் போடும் கருவியான ஏபிடி மேல் விழும், பாவம்.

அடுத்து, இடம். இடிசி டைரக்டரி நிர்வாகிக்கு, அதாவது உங்களுக்கு உரியது. யூஎஸ்ஆர் டைரக்டரி, அதற்குள் இருக்கும் லோக்கல் தவிர, முழுக்க பேக்கேஜுக்கு உரியது. யூஎஸ்ஆர்-க்குள் இருக்கும் ஃபைலை நீங்கள் மாற்றினால், அடுத்த அப்டேட்டில் கேள்வி இல்லாமல், பேக்கப் இல்லாமல் அது மாற்றி எழுதப்படும். தவறு பேக்கேஜ் மேல் இல்லை, அதன் வேலையே அதுதான்.

லாஸ்பேட்டையில் ஒரு பயிற்சி மையத்துக்காக மரியாடிபி டேட்டாபேஸ் வைத்துக் கொடுத்தபோது நான் இதைத்தான் செய்தேன். ஒரே நேரத்தில் திறந்து வைக்கக்கூடிய ஃபைல்களின் எண்ணிக்கையைக் கூட்ட, யூஎஸ்ஆர்/லிப்/சிஸ்டம்டி/சிஸ்டம் டைரக்டரிக்குள் இருந்த சர்வீஸ் ஃபைலிலேயே ஒரு வரியை மாற்றினேன். மாதக்கணக்கில் ஓடியது. ஒரு பாதுகாப்பு அப்டேட் வந்தது, சர்வீஸ் ஃபைலின் புதிய பிரதி வந்து உட்கார்ந்தது. அன்று எதுவும் தெரியவில்லை. தேர்வுக்குப் பெயர் பதியும் நாளில், நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஒரே நேரத்தில் உள்ளே வந்தபோதுதான் டேட்டாபேஸ் மூச்சுத் திணறியது. அந்தப் பிள்ளைகள் மொபைலைப் பிடித்துக்கொண்டு ரீஃப்ரெஷ் அடித்துக்கொண்டே இருந்தார்கள் என்று மையத்துக்காரர் சொன்னது இன்னும் மனதில் இருக்கிறது. சரியான இடம் எது என்பதைப் படி 4-இல் சொல்கிறேன்.

படி 2: டிபிகேஜி போடும் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

டெபியன், உபுண்டுவில் பேக்கேஜைப் பிரித்து நிறுவும் கருவிதான் டிபிகேஜி. அது போடும் கணக்கு புரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும். பேக்கேஜை உருவாக்குபவர் சில ஃபைல்களை "கன்ஃப்ஃபைல்" என்று குறித்து வைத்திருப்பார். பேக்கேஜோடு இடிசி-க்குள் வரும் ஃபைல்கள் பெரும்பாலும் அப்படிக் குறிக்கப்பட்டவையே. நிறுவும்போது அந்த ஃபைலின் எம்டி5 கைரேகையை (உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடும் குறியீடு) டிபிகேஜி தன் ஸ்டேட்டஸ் ஃபைலில் எழுதி வைத்துக்கொள்ளும். அப்டேட் வரும்போது மூன்று கைரேகைகளை ஒப்பிடும்: பழைய பேக்கேஜில் வந்தது, இப்போது டிஸ்க்கில் இருப்பது, புதிய பேக்கேஜில் வருவது.

நீங்கள் மாற்றவில்லை, பேக்கேஜ் மாற்றியிருக்கிறது என்றால் புதியது சத்தமில்லாமல் வந்துவிடும். நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள், பேக்கேஜ் மாற்றவில்லை என்றால் உங்களுடையது அப்படியே இருக்கும். இரண்டு பக்கமும் மாற்றம் இருந்தால் மட்டும்தான் நின்று உங்களைக் கேட்கும்.

முதல் வகையைப் பலர் கவனிப்பதில்லை. நீங்கள் ஃபைலைத் தொடவில்லை, ஆனால் அதில் இருந்த ஒரு மதிப்பை நம்பி உங்கள் அப்ளிகேஷனை அமைத்திருக்கிறீர்கள். புதிய பதிப்பில் அந்த மதிப்பு மாறிவிட்டது. டிபிகேஜி பார்வையில் நீங்கள் மாற்றாத ஃபைல், ஆகவே கேள்வி கிடையாது. உங்களுக்கு ஒரு மதிப்பு முக்கியம் என்றால், அது இப்போது சரியாகவே இருந்தாலும், அதை உங்கள் சொந்த ஃபைலில் எழுதி வையுங்கள்.

இன்னொன்று: கன்ஃப்ஃபைலை நீங்கள் அழித்துவிட்டால், அதையும் உங்கள் முடிவாகவே டிபிகேஜி மதிக்கும். பேக்கேஜைத் திரும்ப நிறுவினாலும் அந்த ஃபைல் வராது. "ரீஇன்ஸ்டால் போட்டும் வரவில்லையே" என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்களுக்கு விடை இதுதான். டிபிகேஜி-க்கு --ஃபோர்ஸ்-கன்ஃப்மிஸ் என்ற ஆப்ஷனைக் கொடுத்து ரீஇன்ஸ்டால் செய்தால் வரும்.

கன்ஃப்ஃபைல் பட்டியலில் இல்லாத சில இடிசி ஃபைல்களும் உண்டு. எஸ்எஸ்எச்டி_கன்ஃபிக், பிஎச்பி.ஐஎன்ஐ, கிரப் டிஃபால்ட் ஃபைல் போன்றவற்றை நிறுவும்போது ஸ்கிரிப்ட் ஒன்று உருவாக்கும். அவற்றை யூசிஎஃப் என்ற தனிக் கருவி கவனிக்கும். கேள்வி கேட்கும் விதம் கொஞ்சம் வேறு, நீலத்திரையில் மெனுவாக வரும். கணக்கு கிட்டத்தட்ட அதேதான். யூசிஎஃப் கவனிக்கும் ஃபைல்களுக்கு டிபிகேஜி --சர்ச் போட்டால் எதுவும் வராது என்பதை நினைவில் வையுங்கள். யூசிஎஃப்க்யூ கட்டளையிடம் பாதையைக் கொடுத்தால், எந்த பேக்கேஜ், மாற்றப்பட்டதா இல்லையா என்று சொல்லும்.

படி 3: அந்தக் கேள்வி வரும்போது அவசரப்படாதீர்கள்

திரையில் ஒய் அல்லது ஐ, என் அல்லது ஓ, டி, இசட் என்று நிற்கும். ஒய் அடித்தால் பேக்கேஜின் புதிய ஃபைல் வரும், உங்களுடையது .டிபிகேஜி-ஓல்டு என்ற வாலோடு பக்கத்தில் இருக்கும். என் அடித்தால் உங்களுடையது இருக்கும், புதியது .டிபிகேஜி-டிஸ்ட் என்ற வாலோடு பக்கத்தில் வைக்கப்படும். என்டர் மட்டும் தட்டினால் என் அடித்ததாகவே அர்த்தம். யூசிஎஃப் என்றால் வால்கள் .யூசிஎஃப்-ஓல்டு, .யூசிஎஃப்-டிஸ்ட்.

முதலில் டி அடியுங்கள். எப்போதும். இரண்டு ஃபைலுக்கும் உள்ள வித்தியாசம் திரையில் வரும். வெறும் கமெண்ட் வரிகள் மட்டும் மாறியிருந்தால் என் அடித்துவிட்டுப் போகலாம். புதிய செட்டிங் வரிகள் இருந்தால் இசட் அடியுங்கள். அங்கேயே ஒரு ஷெல் கிடைக்கும், இரண்டு ஃபைலையும் நிதானமாகப் பார்த்துவிட்டு எக்ஸிட் கொடுத்தால் அதே கேள்விக்குத் திரும்பி வருவீர்கள். இசட் என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது, எனக்கு மிகப் பிடித்த வசதி அது.

"எதற்கு வம்பு, எல்லாவற்றுக்கும் என் அடித்துவிடலாம்" என்று சொல்பவர்கள் உண்டு. சின்ன அப்டேட்டுகளுக்கு அது ஓடும். பெரிய பதிப்பு மாறும்போது ஓடாது. 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13-இல் டோவ்காட் என்ற மெயில் மென்பொருளின் 2.4 பதிப்பு வந்தது, 2.3-க்கு எழுதிய கன்ஃபிக் அதில் அப்படியே வேலை செய்யாது. பழையதையே வைத்துக்கொண்டால் மெயில் சர்வரே எழுந்திருக்காது. இந்த மாதிரி நேரத்தில் புதியதை ஏற்று, பழைய ஃபைலிலிருந்து உங்கள் மதிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து வைப்பதுதான் வழி.

மழைக்காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பக்கத்தில் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை கரண்டும் நெட்டும் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததை நாம் எல்லாரும் பார்த்தோம். தூரத்திலிருந்து எஸ்எஸ்எச் வழியாக சர்வருக்குள் போய் அப்டேட் போட்டுக்கொண்டிருக்கும்போது இந்தக் கேள்வியில் நின்று, அந்த நேரம் பார்த்து நெட் போனால் பேக்கேஜ் பாதியில் தொங்கும். அதனால் டிமக்ஸ் அல்லது ஸ்கிரீன் திறந்து அதற்குள்தான் அப்டேட் போட வேண்டும். நெட் திரும்ப வந்ததும் அதே செஷனில் சேர்ந்துகொள்ளலாம், கேள்வி அங்கேயே காத்திருக்கும். ஏற்கெனவே தொங்கிவிட்டதா? டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ போடுங்கள், விட்ட இடத்திலிருந்து தொடரும்.

ஆர்பிஎம் பயன்படுத்துபவர்களுக்கு

இங்கே கேள்வியே வராது. அல்மாலினக்ஸ், ராக்கி, ரெட்ஹேட் எதுவானாலும் அப்டேட் நிற்காமல் ஓடி முடிந்துவிடும். முடிவை பேக்கேஜ் செய்தவர் முன்னாலேயே எடுத்துவிட்டார். ஃபைல் "கன்ஃபிக் நோரீப்ளேஸ்" என்று குறிக்கப்பட்டிருந்தால் நீங்கள் மாற்றியது நிலைக்கும், புதியது .ஆர்பிஎம்நியூ என்ற வாலோடு வரும். வெறும் "கன்ஃபிக்" என்றிருந்தால் புதியது உங்கள் இடத்தில் உட்காரும், உங்களுடையது .ஆர்பிஎம்சேவ் ஆகிவிடும். இரண்டுமே இல்லையென்றால் பேக்கப் கூட இல்லாமல் போய்விடும்.

திரையில் ஓடும் வரிகளுக்கு நடுவே "இன்ன ஃபைல் ஆர்பிஎம்நியூ-வாக உருவாக்கப்பட்டது" என்று ஒரு எச்சரிக்கை வரும், நூறு வரிகளில் ஒன்றாக. அதைக் கண்ணால் பிடிப்பது கஷ்டம். ஆகவே அப்டேட் முடிந்ததும் தேடுவதை வழக்கமாக்குங்கள்:

ஃபைண்ட் /இடிசி -நேம் '*.ஆர்பிஎம்நியூ' -ஓ -நேம் '*.ஆர்பிஎம்சேவ்'

ஆர்பிஎம்சேவ் கண்ணில் பட்டால் உடனே கவனியுங்கள், உங்கள் செட்டிங் இப்போது அமலில் இல்லை என்று அர்த்தம். ஆர்பிஎம்நியூ என்றால் இன்று மாலைக்குள் பார்த்தால் போதும். ஆர்பிஎம்கன்ஃப் என்ற கருவியைத் தனியாக நிறுவினால் ஒவ்வொரு ஜோடியையும் காட்டி, எது வேண்டும் என்று கேட்டு ஒழுங்குபடுத்தும். ஆர்ச் லினக்ஸில் இதே வேலைக்கு .பேக்நியூ என்ற வாலும் பேக்டிஃப் என்ற கருவியும் இருக்கின்றன.

படி 4: உங்கள் மாற்றத்தை உங்கள் இடத்தில் எழுதுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். பேக்கேஜ் தரும் ஃபைலில் ஒரு வரி கூட மாற்றாமல், பக்கத்தில் இருக்கும் ".டி" டைரக்டரிக்குள் உங்கள் சொந்த ஃபைலை வையுங்கள். அந்த ஃபைல் எந்த பேக்கேஜுக்கும் சொந்தமில்லை. ஆகவே எந்த அப்டேட்டும் அதைத் தொடாது, கேள்வியும் வராது. ஆனால் ஒவ்வொரு மென்பொருளும் இந்த டைரக்டரியைப் படிக்கும் விதம் வேறு. அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள், ஆகவே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சிஸ்டம்டி சர்வீஸ்கள் (சிஸ்டம்டி என்பது சர்வீஸ்களைத் தொடங்கி நடத்தும் நிரல்): சிஸ்டம்சிடிஎல் எடிட் மரியாடிபி என்று அடியுங்கள். எடிட்டர் திறக்கும். அதில் சர்வீஸ் என்ற தலைப்பை எழுதி, கீழே உங்களுக்கு வேண்டிய ஒரே ஒரு வரியை மட்டும் எழுதிச் சேமியுங்கள். அது இடிசி/சிஸ்டம்டி/சிஸ்டம் டைரக்டரிக்குள் மரியாடிபி.சர்வீஸ்.டி என்ற இடத்தில் ஓவர்ரைட்.கன்ஃப் ஆக உட்காரும். லாஸ்பேட்டை சர்வரில் நான் முதலிலேயே செய்திருக்க வேண்டியது இது. ஒரு நுணுக்கம்: எக்ஸெக்ஸ்டார்ட் வரியை மாற்றுவதென்றால் முதலில் மதிப்பில்லாத வெறும் எக்ஸெக்ஸ்டார்ட்= வரியை எழுதிவிட்டு, அடுத்த வரியில் புதியதை எழுத வேண்டும். சர்வீஸ் ஃபைலை முழுதாகப் பிரதி எடுத்து இடிசி-க்குள் வைப்பதும் வேலை செய்யும், ஆனால் பேக்கேஜ் பின்னால் கொண்டுவரும் திருத்தங்கள் எதுவும் உங்களுக்குக் கிடைக்காமல் போகும். முடிந்தவரை தவிர்க்கலாம். எதெல்லாம் மாற்றப்பட்டிருக்கிறது என்று மொத்தமாகப் பார்க்க சிஸ்டம்டி-டெல்டா.

எஸ்எஸ்எச்: இடிசி/எஸ்எஸ்எச்/எஸ்எஸ்எச்டி_கன்ஃபிக்.டி என்ற டைரக்டரி. மற்றவற்றில் பெரும்பாலும் ஃபைல்கள் பெயர் வரிசைப்படி படிக்கப்பட்டு, கடைசியில் வருவதுதான் நிற்கும்; இங்கே விதி தலைகீழ். எஸ்எஸ்எச்டி ஒரு செட்டிங்கை முதலில் எங்கே பார்க்கிறதோ அதையே எடுத்துக்கொள்ளும், பின்னால் வருவதை மதிக்காது. மற்ற இடங்களில் பழகிய கையோடு 99-லோக்கல்.கன்ஃப் என்று பெயர் வைத்து, பாஸ்வேர்டு லாகினை மூடிவிட்டேன் என்று நம்பி இருப்பார்கள். வாடகை சர்வரில் 50-கிளவுட்-இனிட்.கன்ஃப் முன்னாலேயே வந்து அதைத் திறந்து வைத்திருக்கும். ஆகவே 10 என்று தொடங்கும் பெயர் வையுங்கள். எழுதி முடித்ததும் எஸ்எஸ்எச்டி -டி (டெஸ்ட் என்பதன் முதல் எழுத்து, சின்ன எழுத்தில்) போட்டுப் பிழை பாருங்கள்; அதே பெரிய எழுத்து டி போட்டால் கடைசியில் அமலில் இருக்கும் மதிப்புகள் எல்லாவற்றையும் காட்டும். அதில் பார்ப்பதை மட்டும் நம்புங்கள். ரீலோட் செய்த பிறகு, இருக்கும் கனெக்‌ஷனை மூடாமல் வேறு விண்டோவில் புதிதாக லாகின் செய்து பாருங்கள்.

மரியாடிபி: இடிசி/மைஎஸ்க்யூஎல்/மரியாடிபி.கன்ஃப்.டி டைரக்டரியில், .சிஎன்எஃப் என்று முடியும் பெயரில். பெயர் வரிசைப்படி படிக்கும், கடைசியில் வருவதுதான் நிற்கும். எல்லாரும் எழுதலாம் என்ற அனுமதி ஃபைலுக்கு இருந்தால் பாதுகாப்புக்காக அதைப் படிக்காமலே விட்டுவிடும். அனுமதி 644 போதும்.

பிஎச்பி: ஒவ்வொரு பதிப்புக்கும், ஒவ்வொரு வகைக்கும் தனி கன்ஃப்.டி. வெப் சர்வருக்காக ஓடும் எஃப்பிஎம்-க்கு ஒன்று, டெர்மினலில் ஓடும் சிஎல்ஐ-க்கு ஒன்று. 99-லோக்கல்.ஐஎன்ஐ என்று வைத்தால் கடைசியில் படிக்கப்படும். அப்லோடு வரம்பை உயர்த்தும்போது போஸ்ட்_மேக்ஸ்_சைஸ் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். என்ஜின்எக்ஸ் முன்னால் நின்றால் அங்கே கிளையன்ட்_மேக்ஸ்_பாடி_சைஸ் என்ற மூன்றாவது கதவு இருக்கிறது, எதுவும் எழுதாவிட்டால் அது 1 எம்பி. மூன்றும் திறந்தால்தான் பில் உள்ளே வரும். பதிப்பு மாறும்போது இந்த ஒரு சின்ன ஃபைலைப் புதிய டைரக்டரிக்கு எடுத்துப் போனால் போதும், ஆயிரத்துக்கும் மேற்பட்ட வரிகள் உள்ள பிஎச்பி.ஐஎன்ஐ-க்குள் தேட வேண்டியதில்லை.

என்ஜின்எக்ஸ், அப்பாச்சி: டிஃபால்ட் சைட் ஃபைலையே திருத்தி உங்கள் தளத்தை ஓட்டாதீர்கள், அது பேக்கேஜுடையது. உங்கள் டொமைன் பெயரில் புதிய ஃபைல் வைத்து, டிஃபால்ட்டை முடக்கிவிடுங்கள்.

சூடோ (நிர்வாகி உரிமையோடு கட்டளை ஓட்ட உதவுவது): சூடோயர்ஸ்.டி டைரக்டரிக்குள் வைக்கும் ஃபைலின் பெயரில் புள்ளி இருந்தால் அது படிக்கப்படாது. லோக்கல்.கன்ஃப் என்று வைத்துவிட்டு ஏன் வேலை செய்யவில்லை என்று தேடக் கூடாது. வெறும் லோக்கல் என்று வையுங்கள், விசூடோ வழியாகவே திருத்துங்கள். டெபியனில், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானின் கிரான்.டி-க்கும் இதே புள்ளி விதி உண்டு.

தவறான லாகின் முயற்சிகளைத் தடுக்கும் ஃபெயில்2பேன்-க்கு ஜெயில்.லோக்கல், கெர்னல் செட்டிங்குகளைக் கவனிக்கும் சிஸ்கண்ட்ரோலுக்கு சிஸ்சிடிஎல்.டி டைரக்டரியில் 99 என்று தொடங்கும் ஃபைல். இவை இரண்டும் சுலபம். மெயில் சர்வரான போஸ்ட்ஃபிக்ஸில் இந்த மாதிரி டைரக்டரி வசதி கிடையாது. போஸ்ட்கான்ஃப் -இ கட்டளையால் மாற்றி, அடுத்த படியில் சொல்லும் காவலை நம்புங்கள்.

படி 5: இடிசி-க்கு ஒரு காவல் வையுங்கள்

இடிசிகீப்பர் என்ற பேக்கேஜை நிறுவுங்கள். டெபியனிலும் உபுண்டுவிலும் நிறுவியவுடனே இடிசி டைரக்டரியை, மாற்றங்களின் வரலாற்றைப் பதிந்து வைக்கும் கிட் களஞ்சியமாக மாற்றி, முதல் கமிட்டையும் (அப்போதைய நிலையின் பதிவு) போட்டுவிடும். அதற்குப் பிறகு ஏபிடி ஓடும் ஒவ்வொரு முறையும், ஓடுவதற்கு முன் ஒரு கமிட், ஓடிய பின் ஒரு கமிட். நீங்கள் மாற்றியது எது, பேக்கேஜ் மாற்றியது எது என்று தனித்தனியாகத் தெரிந்துவிடும்.

நீங்களாக ஒரு ஃபைலை மாற்றும்போது காரணத்தோடு கமிட் போடுங்கள்: இடிசிகீப்பர் கமிட் "பில் ஸ்கேன் 6 எம்பி, வரம்பு 20 ஆக்கப்பட்டது". ஆறு மாதம் கழித்து அந்த வரியைப் படிக்கப் போவது நீங்களாகவும் இருக்கலாம், உங்களுக்குப் பின் வரும் பிள்ளையாகவும் இருக்கலாம். பின்னால் பார்க்க இடிசிகீப்பர் விசிஎஸ் லாக். ஒரு ஃபைலை மட்டும் பழைய நிலைக்குக் கொண்டுவர இடிசிகீப்பர் விசிஎஸ் செக்அவுட், கமிட் எண், இரண்டு கோடு, ஃபைலின் பாதை. கிட் ஃபைலின் அனுமதிகளை முழுதாக நினைவில் வைப்பதில்லை. அதை இடிசிகீப்பர் தனியாக எழுதி வைக்கிறது. ஆகவே மீட்டெடுத்ததும் இடிசிகீப்பர் இனிட் ஒருமுறை ஓட்டுங்கள், அனுமதிகள் சரியாகும்.

அந்தக் களஞ்சியத்துக்குள் ஷேடோ ஃபைலும் பாஸ்வேர்டுகளும் இருக்கின்றன என்பதை மறக்கவே கூடாது. பொதுக் களஞ்சியத்துக்கு ஒருபோதும் தள்ளாதீர்கள். வெளியே பிரதி வேண்டும் என்றால் உங்கள் கட்டுப்பாட்டில் உள்ள வேறொரு சர்வருக்கு மட்டும்.

படி 6: அப்டேட் நாளில் செய்ய வேண்டியவை

அப்டேட்டுக்கு முன்பு, எந்தெந்த கன்ஃபிக் ஃபைல்கள் மாற்றப்பட்டிருக்கின்றன என்று பட்டியல் எடுங்கள். டிபிகேஜி --வெரிஃபை போடுங்கள்; யூசிஎஃப் கவனிக்கும் ஃபைல்கள் மட்டும் இதில் வராது, அவற்றை யூசிஎஃப்க்யூ-விடம் கேளுங்கள். வரும் வரிகளில் பாதைக்கு முன்னால் சி என்ற எழுத்து இருந்தால் அது கன்ஃபிக் ஃபைல், 5 இருந்தால் கைரேகை மாறியிருக்கிறது. டெப்சம்ஸ் பேக்கேஜை நிறுவினால் டெப்சம்ஸ் --கன்ஃபிக் --சேஞ்ச்டு இன்னும் சுத்தமாகக் காட்டும். ஆர்பிஎம்-இல் ஆர்பிஎம் --வெரிஃபை --ஆல். இந்தப் பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு ஃபைலும் என்றோ ஒரு நாள் உங்களிடம் கேள்வி கேட்கப் போகிறது. ஒவ்வொன்றையும் படி 4-இல் சொன்னபடி தனி ஃபைலுக்கு நகர்த்த நகர்த்தப் பட்டியல் சுருங்கும். முதுநகர் சர்வரில் பதினேழில் தொடங்கினேன், இப்போது மூன்று.

அப்டேட் முடிந்ததும் .டிபிகேஜி-, .யூசிஎஃப்- என்ற வால்களை இடிசி-க்குள் தேடுங்கள். அப்புறம், சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யும் முன் சோதனை: என்ஜின்எக்ஸ் -டி, அப்பாச்சிசிடிஎல் கன்ஃபிக்டெஸ்ட், போஸ்ட்ஃபிக்ஸ் செக், விசூடோ -சி. கடைசியாக, பக்கம் திறக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், வாடிக்கையாளர் செய்யும் வேலையை ஒருமுறை செய்து பாருங்கள். ஒரு 6 எம்பி பில்லை ஏற்றிப் பார்த்திருந்தால் அந்தத் திங்கட்கிழமை போன் வந்திருக்காது.

தானாக ஓடும் அப்டேட்டுகள்

அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது. கன்ஃபிக் கேள்வி வரும் என்று தெரிந்தால் அது அந்த பேக்கேஜைத் தொடாமல் விட்டுவிடும். உங்கள் ஃபைல் பத்திரம்தான், ஆனால் பாதுகாப்புத் திருத்தமும் வராது. வாரம் ஒருமுறை அதன் லாகைப் பாருங்கள். கன்ஃபிக் ஃபைலை மாற்றாமல் தனி ஃபைலில் எழுதுவதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது.

ஸ்கிரிப்ட் வழியாக அப்டேட் ஓட்டுபவர்கள் டெபியன்_ஃப்ரண்ட்எண்ட் மாறியை நான்இன்டராக்டிவ் என்று வைத்துவிட்டு, கேள்வி வராது என்று நினைப்பார்கள். அது பேக்கேஜ்கள் டெப்கன்ஃப் என்ற கருவி வழியாகக் கேட்கும் கேள்விகளுக்கு மட்டும்தான். டிபிகேஜி-யின் கன்ஃப்ஃபைல் கேள்வி வரும், பதில் சொல்ல ஆள் இல்லாமல் அப்டேட் பிழையோடு நிற்கும். டிபிகேஜி ஆப்ஷன்களாக --ஃபோர்ஸ்-கன்ஃப்டெஃப், --ஃபோர்ஸ்-கன்ஃபோல்டு இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் உங்கள் ஃபைலை வைத்துக்கொண்டு மேலே போகும். கேட்காமலே புதிய ஃபைலை வைத்துவிடும் --ஃபோர்ஸ்-கன்ஃப்நியூ என்பதை சர்வரில் பழக்கமாக்காதீர்கள்.

படி 7: ஏற்கெனவே போய்விட்டது என்றால்

பதற வேண்டாம், பெரும்பாலும் கிடைத்துவிடும். முதலில் அதே டைரக்டரியில் .டிபிகேஜி-ஓல்டு, .யூசிஎஃப்-ஓல்டு, .ஆர்பிஎம்சேவ் இருக்கிறதா பாருங்கள். இடிசிகீப்பர் இருந்தால் அடுத்து அங்கே. என்ன நடந்தது என்று தெரிய வார்/லாக் டைரக்டரியில் டிபிகேஜி.லாக் ஃபைலில் கன்ஃப்ஃபைல் என்ற சொல்லைத் தேடுங்கள்; ஃபைலின் பெயர், பக்கத்தில் இன்ஸ்டால் அல்லது கீப் என்று நேரத்தோடு இருக்கும். ஏபிடி டைரக்டரிக்குள் இருக்கும் டெர்ம்.லாக், அன்று திரையில் ஓடியதையும் காட்டும். அல்மாலினக்ஸ், ராக்கி, ஃபெடோராவில் அப்டேட் போடும் டிஎன்எஃப் என்றால் டிஎன்எஃப் ஹிஸ்டரி.

பழைய ஃபைல் கிடைத்தால் அதை அப்படியே மேலே வைத்துவிடாதீர்கள். புதிய பேக்கேஜின் மூல ஃபைல் வேண்டுமென்றால் ஏபிடி டவுன்லோட் செய்து, டிபிகேஜி-டெப் -எக்ஸ் மூலம் ஒரு தற்காலிக டைரக்டரியில் பிரித்துக்கொள்ளுங்கள், சிஸ்டத்தில் எதையும் தொடாது. டிஃப் -யூ போட்டு உங்கள் பழையதோடு ஒப்பிடுங்கள். பழைய பேக்கேஜின் மூல ஃபைலும் கையில் இருந்தால் டிஃப்3 -எம் மூன்றையும் இணைத்து, மோதும் இடங்களை மட்டும் குறித்துக் கொடுக்கும். உங்களுடைய மாற்றங்கள் என்று தெரியும் வரிகளை மட்டும் எடுத்து, படி 4-இன் தனி ஃபைலில் எழுதுங்கள். பேக்கேஜின் ஃபைல் பேக்கேஜின் நிலையிலேயே இருக்கட்டும்.

அந்தத் திங்கட்கிழமை நான் செய்ததும் இதுதான். 8.3-இன் எஃப்பிஎம் கன்ஃப்.டி டைரக்டரியில் 99-லோக்கல்.ஐஎன்ஐ, உள்ளே இரண்டு வரி மட்டும்: அப்லோடு வரம்பு 20 எம்பி, போஸ்ட் வரம்பு 24 எம்பி. மேலே ஒரு கமெண்டில் தேதியும் காரணமும். எஃப்பிஎம்-ஐ ரீலோட் செய்துவிட்டு அவருக்கு போன் போட்டேன். அவர் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் "ஏத்திப் பாரும்மா" என்று சொல்வது கேட்டது. கொஞ்ச நேரம் சத்தமில்லை. "ஏறிடுச்சு தம்பி" என்றார். மணி 7.40.